மலையேறாத சொல்

1

இரவு பதினொரு மணி. பிரிண்டிங் பட்டறையின் நீள மேஜை முழுக்கக் கறுப்பு பீஸ்கள் ஒட்டிக் கிடக்கின்றன. இன்னும் கை வைக்காத, பக்கம் மூட்டாத டி-ஷர்ட் முன்பாகங்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை படம் வருகிறது. அதற்குள் தைத்து, மடித்து, திருப்பூர் காதர்பேட்டைக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே நடிகரின் பெயர், கீழே சிவப்பில் 'வெறியன்'. நடிகரின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. படத்துக்குப் படம் அது மாறும். கீழே உள்ள சொல் மட்டும் மாறுவதில்லை.

வேலை பழகும் தம்பி ஸ்க்ரீனை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்ணா, இதுக்கு சின்ன ர-ங்களா, பெரிய ற-ங்களா?"

பார்த்தேன். 'வெரியன்' என்று விழுந்திருந்தது. அச்சடித்திருந்தால் அத்தனை பீஸும் வீண். பிலிமை மாற்றி, ஸ்க்ரீனைக் கழுவி, மறுபடி தயார் செய்ய ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரமும் சொல் மனதிலேயே நின்றது. இத்தனை வருடம் இந்தச் சொல்லை எத்தனையோ அளவில், எத்தனையோ நிறத்தில் எழுத்துக் கோத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கிருந்து வந்த சொல் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

பெரிய ற. நாக்கு மேலண்ணத்தை ஒற்றி அழுத்தினால்தான் வரும் எழுத்து.

2

பழைய தமிழில் வெறி என்றால் மணம். பூ விரியும்போது எழுந்து வருவதும் வெறிதான். கள்ளின் மயக்கமும் வெறி. ஈழத்தில் இன்றும் அதுவே முதல் பொருள். 'அவன் வெறியில நிக்கிறான்' என்றால் குடித்திருக்கிறான் என்றுதான் யாழ்ப்பாணத்தில் எடுத்துக்கொள்வார்கள். நாய்க்குப் பிடிப்பதும் வெறி. கண் இமைக்காமல் பார்த்தால் வெறித்துப் பார்ப்பது. அது வேறு வேரோ, இதே வேரோ, காதில் ஒன்றாகத்தான் கேட்கிறது.

மணம், மயக்கம், நோய் மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. மூன்றும் வெளியிலிருந்து வந்து ஆளுக்குள் நுழைபவை. நாம் தேடிப் போய் எடுத்துக்கொண்டவை அல்ல.

இன்று இந்தச் சொல் இரண்டு வீட்டில் குடியிருக்கிறது. நாளிதழில் சாதி வெறி, மத வெறி, இன வெறி, பதவி வெறி. அங்கே அது குற்றம். தியேட்டர் வாசலில் அதே சொல் பெருமை. 'படம் எப்படி?' என்றால் 'வெறித்தனம்' என்கிறான் தம்பி. அதற்குமேல் பாராட்ட அவனிடம் வேறு சொல் இல்லை.

3

வெறி என்றதும் சங்க இலக்கியத்தில் எழுந்து நிற்பவன் வேலன். முருகனின் பூசாரி. குறிஞ்சி நிலத்து வீட்டில் ஒரு பெண் மெலிகிறாள். வளை கழல்கிறது, நெற்றி பசக்கிறது. தாய் பதறுகிறாள். இது முருகு அணங்கியதால் வந்த நோய் என்று கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிச் சொல்கிறாள். வேலன் வருகிறான். முற்றத்தில் மணல் பரப்பி, களம் இழைத்து, ஆட்டுக்கிடாயைப் பலி கொடுத்து, இரவெல்லாம் ஆடுகிறான். அதுதான் வெறியாட்டு. முருகனே அவன் மேல் இறங்கி ஆடுகிறான் என்று நம்பினார்கள். இதை நுணுக்கமாகப் பாடிய பெண்பாற் புலவரின் பெயரோடே அது சேர்ந்துவிட்டது: வெறிபாடிய காமக்கண்ணியார்.

அந்தப் பாடல்களில் முருகன் மேல் குற்றம் இல்லை. அவள் நோய் காதல். மலைநாட்டு இளைஞன் ஒருவனைப் பார்த்ததும் பழகியதும் அவளுக்கும் தோழிக்கும் மட்டும் தெரியும். வீடே கூடித் தவறான நோய்க்கு மருந்து செய்துகொண்டிருக்கிறது. நற்றிணையில் ஒரு தோழி முருகனிடமே முகத்துக்கு நேராகப் பேசுகிறாள்: இது உன்னால் வந்த நோயில்லை என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறியாதவன்தான் என்கிற பொருளில்.

எனக்கு அந்தத் தோழியை விட்டு வெளியே வர முடியவில்லை. பறை முழங்குகிறது, ஊர் கூடி நிற்கிறது, சாமியே வந்திருக்கிறது. நடுவில் ஒரு பெண் நின்று உண்மையைச் சொல்கிறாள். இந்தச் செயலுக்குத் தமிழ் இலக்கணம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: அறத்தொடு நிற்றல். காதலை வீட்டாருக்கு உள்ளபடி எடுத்துச் சொல்வதுதான் அதன் பொருள்.

வெறிக்கு வினைச்சொல் ஆடுதல். அறத்துக்கு வினைச்சொல் நிற்றல்.

4

கலர் காயும் நேரத்தில் டீ வந்தது. பீகாரிலிருந்து வந்த தம்பி ஒருவன் இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறான். எழுத்துகளை அவனால் வாசிக்க முடியாது. ஆனால் ஒரு நூல் அளவுகூடப் பிசகாமல் ஸ்க்ரீன் வைப்பான். சிவப்பு எழுத்தைக் காட்டி, என்ன அர்த்தம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன். அவன் கொஞ்சம் யோசித்து, "தீவானா" என்றான். பிறகு தானே திருத்திக்கொண்டு, "ஜுனூன்" என்றான்.

வீட்டுக்கு வந்து தேடினேன். தீவானா பாரசீகச் சொல். தீவ் என்றால் பேய். பேய் பிடித்தவன் தீவானா. ஜுனூன் அரபியிலிருந்து வந்தது. ஜின் என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. நாம் ரசிகர்களைச் சொல்லும் ஃபேன் என்ற ஆங்கிலச் சொல் ஃபெனட்டிக்கின் சுருக்கம். அதன் மூலம் லத்தீன் ஃபானம், அதாவது கோயில். கோயிலில் தெய்வம் ஏறி ஆடியவனுக்கு முதலில் வைத்த பெயர் அது.

பாரசீகத்தில் பேய், அரபியில் ஜின், லத்தீனில் கோயில், தமிழில் வேலன். நான்கு மொழியும் ஒன்றைத்தான் பார்த்திருக்கின்றன: இந்த ஆள் இப்போது தன் கையில் இல்லை, வேறொன்று இவனைப் பிடித்திருக்கிறது.

5

பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் பங்குனியில் குண்டம் இறங்குவார்கள். சின்ன வயதில் அப்பாவின் தோளிலிருந்து பார்த்த காட்சி. விறகு எரிந்து அடங்கி, தணல் சிவந்து கிடக்கும். விடியலுக்கு முன்பே மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக வரிசை நீண்டு நிற்கும். காலடி படும் இடம் ஒரு நொடி கறுத்து, மறுபடி சிவக்கும். எங்கள் தெரு அக்கா ஒருவர் சாமி வந்து ஆடி, அதோடேயே இறங்கிப் போனார். சத்தம் போட்டுப் பேசியே அறியாதவர். அன்று அவர் குரலைக் கேட்டு எனக்கு உடம்பு நடுங்கியது.

சற்று நேரத்தில் ஒரு பாட்டி அவர் நெற்றியில் திருநீறு பூசி, தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "வழி உடுங்க, சாமி மலையேறிருச்சு."

மலையேறுதல். சாமி ஆள் மேல் இறங்குவதற்குச் சொல் இருப்பதுபோலவே, விட்டுப் போவதற்கும் நம் ஊரில் சொல் இருக்கிறது. அன்று மாலை அந்த அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் சாமிக்காரி என்று கூப்பிடவில்லை. பழையபடி அக்காதான்.

நமக்குக் கிழக்கே, காங்கேயத்தை ஒட்டிச் சிவன்மலை இருக்கிறது. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அந்தப் பொருளைப் பெட்டியில் வைத்து வழிபடுவார்கள். ஆனால் கனவைச் சொன்னதும் வைத்துவிடுவதில்லை. சன்னிதியில் பூ வைத்துக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால்தான் பொருள் உள்ளே போகும். அடுத்த உத்தரவு வந்ததும் அதுவும் மாறிவிடும். கனவில் வந்தது கடவுளே ஆனாலும், வந்தது கடவுள்தானா என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கும் வழக்கம் இது. பக்திக்கு இது குறைவு என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

வெறிக்கு எல்லை கட்ட நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. களம் உண்டு. நாள் உண்டு. மாலை போட்டால் மாலை கழற்றும் நாளும் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர் எப்படி நடந்தாலும் திரும்பி வந்து சுவிட்ச் போட்டுத் தையல் மெஷினில் உட்கார வேண்டியவர்.

நான் அச்சடிக்கும் சொல்லில் அந்த எல்லை இல்லை. வேலன் வெறியாடினான். அவனை யாரும் வெறியன் என்று அழைத்ததாக நான் படித்ததில்லை. ஓர் இரவு நடந்ததற்கு இருந்த பெயரை ஓர் ஆளுக்கு நிரந்தரப் பெயராக வைத்துவிட்டோம். மலையேற இடம் இல்லாமல் போய்விட்டது.

6

எழுதலாமா என்று மூன்று இரவு தள்ளிப்போட்ட குறிப்பு இது.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே, பட்டப்பகலில், சங்கர் என்ற பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த அவர் மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். சாதி மாறித் திருமணம் செய்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் மாவட்டத்து ஊர் அது. கேமராவில் பதிந்த அந்தச் சில நொடிகளை நாடே பார்த்தது. மறுநாள் செய்திகளில் அந்தச் சொல் இருந்தது: சாதி வெறி. அதே பெரிய ற.

சங்கப் பாட்டில் பெண் காதலித்தாள். அது காதல் என்று தெரியாத வீடு கிடாயை அறுத்தது. இங்கே காதல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அறுபட்டது கிடாய் அல்ல.

இரண்டாயிரம் வருடத்தில் நாம் அறிவில் வளர்ந்தோமா என்று கேட்பதற்குமுன், அந்தத் தோழி எங்கே போனாள் என்றே கேட்கத் தோன்றுகிறது. பறைச் சத்தத்துக்கு நடுவே நின்று உண்மை சொன்னவள். சங்கரின் கொலைக்குப் பிறகு கௌசல்யா வெளியே வந்து, சாதிக் கொலைகளுக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். அறத்தொடு நிற்றல் என்ற துறையை எனக்கு விளங்கவைத்தது எந்த உரையாசிரியரும் அல்ல, அந்தப் பெண்தான்.

7

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் குமரன் நினைவகம். இந்த ஊருக்கு வேலை தேடி வந்து இறங்குகிறவர்கள் முதலில் கடக்கும் இடங்களில் ஒன்று. பெரும்பாலானோர் நிற்பதில்லை. நானும் பல வருடம் நின்றதில்லை.

அவர் பிறந்தது 1904 அக்டோபர் 4, சென்னிமலையில். முருகன் மலையின் அடிவாரம். வைத்த பெயரும் முருகன் பெயர்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கைத்தறி நெய்தார். அதில் வயிறு நிறையவில்லை. திருப்பூருக்கு வந்து மில்லில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். இன்று இந்த ஊருக்குப் பஸ் ஏறி வரும் பிள்ளைகளின் கதைதான் அவர் கதையும்.

1932 ஜனவரி முதல் வாரத்தில் காந்தி கைதானார். அதை எதிர்த்து 10-ஆம் தேதி திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் குமரனின் மண்டை பிளந்தது. கீழே விழுந்தபோதும் கையில் கொடி இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது 27.

அவருக்குத் தமிழ்நாடு வைத்த பெயரை இப்போது சொல்லிப் பார்க்கிறேன். கொடி காத்த குமரன். தேச வெறியன் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கேட்கவே கூசியிருக்கும். உயிரைக் கொடுக்கும் அளவுக்குப் போன பற்றுதான். ஆனாலும் அந்த இடத்தில் வெறி என்ற சொல் ஒட்டவில்லை.

ஏன் ஒட்டவில்லை என்று நினைத்துக்கொண்டே நினைவகத்து வாசலில் நின்றேன். விடை வினைச்சொல்லில் இருந்தது.

வெறி பிடித்தது என்கிறோம். கொடி பிடித்தான் என்கிறோம். இரண்டிலும் அதே 'பிடி'. முதலாவதில் பிடிப்பது வெறி, பிடிபட்டது மனிதன். இரண்டாவதில் பிடிப்பவன் மனிதன். அடிவிழுந்து நினைவு தப்பும்வரை அவன்தான் பிடித்திருந்தான். எதுவும் அவனைப் பிடித்திருக்கவில்லை. அதனால்தான் அவர் கை யார் மேலும் ஓங்கவில்லை. எடை போட்ட கை அது. எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நிறுத்துப் பார்த்துக் கொடுத்த கை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஊர் அதே பிடியை வேறு விதமாகவும் பார்த்திருக்கிறது. 1984-இல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடும் வீட்டில் 127 நாள் என்பது என்ன என்று எங்கள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மா அதற்குச் சொன்ன சொல் 'வைராக்கியம்'.

'எனக்கு அவரைப் பிடிக்கும்' என்பதிலும் அதே பிடிதான் இருக்கிறது. அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. பிடித்திருக்கிறது என்று மென்மையாக ஆரம்பித்து, ஒரு நாள் அது நம்மைப் பிடித்துக்கொள்கிறது. எந்த நாளில் அது திரும்பியது என்று நமக்கே தெரிவதில்லை.

8

தொழில் வெறி என்று இங்கே பெருமையாகச் சொல்வோம். ராப்பகல் பார்க்காத உழைப்பு. ஒன்றரை ஷிப்ட், அதற்கு மேல் நைட். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் சோறும் அதில்தான்.

ஆனால் நொய்யல் கரையில் நின்றால் வேறு கணக்கும் தெரியும். 1992-இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை திறந்தார்கள். சாயத் தண்ணீர் வந்து தேங்கியது. அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த அணை குமரன் பிறந்த சென்னிமலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளை நூலுக்கு நிறம் ஏற்றிய நாம், ஆற்றுக்கும் நிறம் ஏற்றினோம். ஆசை நம்மைப் பிடித்திருந்த வருடங்கள் அவை. யாரோ பூ வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

9

ஞாயிற்றுக்கிழமை திருமுருகன்பூண்டி போய்வந்தேன். திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் வழி. சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு வந்த சுந்தரரைச் சிவன் வேடர்களை ஏவி வழிப்பறி செய்வித்த தலம். தம்மை ஆட்கொண்ட இறைவனைப் பித்தன் என்று அழைத்துத் தொடங்கியவர் சுந்தரர். மனம் பேதலித்தவர்களைக் கூட்டிவந்து வழிபடும் வழக்கமும் இந்தக் கோயிலில் உண்டு. பித்தும் பக்தியும் எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கின்றன என்று இந்த வாசலில் நின்றால் தெரியும்.

நான் போனது முருகனைப் பார்க்க. சூரனைக் கொன்ற பழி நீங்க முருகன் இங்கே சிவனை வழிபட்டார் என்று தலபுராணம் சொல்கிறது. அதனால் இங்குள்ள முருகனிடம் வேலும் இல்லை, மயிலும் இல்லை. சிறு வயதில் இது எனக்குக் குறையாகத் தெரிந்தது. வேல் இல்லாமல் என்ன முருகன்?

இப்போது நெடுநேரம் நின்றேன். போர் நியாயமானதுதான். சூரன் கொல்லப்பட வேண்டியவன்தான். ஆனாலும் போர் முடிந்ததும் வேலைக் கீழே வைக்கிறார். செய்ததற்குப் பதில் சொல்ல வந்து நிற்கிறார். வெறியாட்டுக்கு உரிய தெய்வத்தின் கதையை நம் மக்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

10

என் வீட்டுக்காரி ஓவர்லாக் டெய்லர். நேற்று அவள் வேலை செய்யும் பவர் டேபிள் தையல்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டு போனேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பதற்றத்தில் துணியை முன்னே இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பனியன் துணி இழுத்தால் நீளும். தைத்து முடித்ததும் ஓரம் அலையலையாக நெளிந்துவிடும். அந்தப் பீஸ் செக்கிங்கில் நிற்காது.

இவள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைத் தொட்டுச் சொன்னாள்: "இழுக்காத கண்ணு. சும்மா புடி. அது தானாப் போகும்."

நான் பத்து இரவாக எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

11

வெள்ளிக்கிழமை. வேலை பழகும் தம்பி காலைக் காட்சிக்குப் போய்விட்டு மதியம் பட்டறைக்கு வந்தான். செகண்ட்ஸில் ஒதுக்கிய பீஸ் ஒன்றைத் தைத்துப் போட்டிருந்தான். நெஞ்சில் சிவப்பாக 'வெறியன்'. பெரிய ற சரியாக விழுந்திருந்தது. தொண்டை கட்டி, குரலே வரவில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எத்தனையோ நாளாக நைட் பார்த்தவன் ஒரு காலை முழுக்க ஆடித் தீர்த்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது. இந்தக் குறிப்புகளில் அவனுக்கு நான் நியாயம் செய்தேனா என்று அப்போது நினைத்தேன்.

"படம் எப்படிப்பா?"

பேச முடியாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். பிறகு சட்டையைக் கழற்றி, உதறி, மடிப்பு விழாமல் ஆணியில் மாட்டினான். கலர்க் கறை படிந்த பழைய பனியனைப் போட்டுக்கொண்டான். முகம் கழுவி வந்து, அடுத்த ஸ்க்ரீனை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கரகரத்த குரலில் கேட்டான்:

"அண்ணா, இது எந்த ர-ங்க?"